பந்திப் படம் இல்லாத கல்யாணம்

விசா ஆபீசில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், கையில் முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்து இவனை அனுப்பு, அவளைத் தடு என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அட, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு விசாவைக் கூட நான் கொடுத்ததில்லை. ஒன்றைக் கூட மறுத்ததும் இல்லை. அதெல்லாம் அந்த நாட்டிலிருந்து வரும் அதிகாரிகளின் வேலை. நான் உள்ளூர் ஆள். கணினியில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் நான் குறிப்பு எழுதலாம். அவ்வளவுதான் என் அதிகாரம். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜனங்கள் விண்ணப்பம் கொடுப்பதும் கைரேகை வைப்பதும் தி. நகரில் வேறொரு கட்டடம். அங்கே காலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நிற்பார்கள், நெற்றியில் குங்குமம், கையில் பிளாஸ்டிக் உறை, வாயில் ஏதோ மந்திரம். அவர்களுடைய காகிதங்கள் மட்டும்தான் எங்களிடம் வரும், அதுவும் படமாக. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆளுக்கொரு திரை. ஏசி குளிர் தாங்காமல் ஏப்ரலிலும் நான் ஸ்வெட்டர் போட்டிருப்பேன். ஒருவர் தன் பிழைப்பு, பெண்டாட்டி, வீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் போட்டு அனுப்பிய விண்ணப்பத்தை நாங்கள் பார்த்து முடிக்க ஒரு தேநீர் ஆறும் நேரம் ஆகும். சில நாட்களில் அது கூட ஆகாது.

அதிகாரிகள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். வந்து இறங்கும்போது பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறைக்குப் பெயர்ப்பலகை இல்லாவிட்டால், அது பட்டறையே இல்லையா? பெண்ணுக்கு அப்பாவின் பெயர் எப்படிக் கடைசிப் பெயரானது? எல்லாவற்றுக்கும் உள்ளூர் ஆட்களைத்தான் கேட்க வேண்டும். எனக்கு ஒதுக்கப்பட்டது கல்யாணம். கணவன் அங்கே, மனைவி இங்கே என்று வரும் விண்ணப்பங்களில் கல்யாண ஆல்பம் இருக்கும். அது நிஜக் கல்யாணமா, விசாவுக்காகப் போட்ட நாடகமா என்று பார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை.

அதில் நான் கில்லாடி. பெருமைக்குச் சொல்லவில்லை, ஆபீஸே சொல்லும். மெட்டி புதிதா, பத்திரிகையில் யார் பெயர் போட்டிருக்கிறது, மாப்பிள்ளையின் அக்கா எங்கே நிற்கிறாள், எல்லாம் பார்ப்பேன். ஆனால் என் கண் முதலில் தேடுவது பந்தியை. நாடகக் கல்யாணம் செய்கிறவர்கள் மாலை வாங்குவார்கள், மேளம் வைப்பார்கள், பத்துப் பேரைக் கூப்பிட்டு நிற்க வைத்து அட்சதை போடவும் வைப்பார்கள். சாப்பாட்டை மட்டும் மறந்துவிடுவார்கள். நிஜக் கல்யாணத்தில் போட்டோக்காரர் பந்திக்குள் புகுந்து படம் எடுக்காமல் இருக்கவே மாட்டார். யாரோ ஒரு மாமா வாய் நிறைய சோற்றோடு காமிராவைப் பார்த்து முழிப்பார். அந்த மாமா இருந்தால் நான் "நம்பலாம்" என்று எழுதிவிடுவேன். புதிய அதிகாரிகளுக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பார்கள், அப்புறம் அவர்களும் பந்தியைத் தேட ஆரம்பிப்பார்கள்.

இந்த வேலை ஒரு மனுஷியை எப்படித் தனியாக்கும் என்று சேரும்போது யாரும் சொல்லவில்லை. ஆபீசில் நடந்ததை வெளியே பேசக் கூடாது. தெரிந்தவர்கள் யாராவது விண்ணப்பித்தால் உடனே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும், அந்த விண்ணப்பம் வேறு மேஜைக்குப் போய்விடும். என் பெரியம்மா பேரன் படிக்கப் போக விண்ணப்பித்தான். நான் ஒதுங்கினேன். மறுத்துவிட்டார்கள். ஏன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பெரியம்மா போன் செய்து, "நம்மாத்துப் பையனுக்கே பண்ணலேன்னா நீ அங்க உக்காண்டு என்னத்துக்குடி?" என்றாள். விதியை விளக்கினேன். விளக்க விளக்க அவளுக்குக் கோபம் ஏறியது. அதோடு சரி. அப்புறம் விசேஷங்களுக்குப் பத்திரிகை தபாலில் வரும், கூப்பிட யாரும் வரமாட்டார்கள். போனால், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை மாற்றுவார்கள். போவதை நிறுத்திவிட்டேன்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு மாடி போர்ஷனில் இருந்தேன், இப்போதும் அங்கேதான். எனக்குக் கல்யாணம் ஆகாமலில்லை. தை மாதம், நல்ல முகூர்த்தம், பத்துப் பொருத்தமும் கூடி வந்தது, மூன்று வேளைப் பந்தி. ஒன்றரை வருஷத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சண்டை கூடப் பெரிதாக இல்லை. இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அந்த ஆல்பத்தை எந்த அதிகாரியிடம் கொடுத்தாலும் கேள்வியே கேட்காமல் நிஜக் கல்யாணம் என்று ஒத்துக்கொள்வார். இந்த விஷயம் எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு மாசி மாதம் அந்த விண்ணப்பம் வந்தது. பெண் அடையாற்றங்கரை ஓரத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவள், பாஸ்போர்ட்டில் கோட்டூர்புரம் பக்கத்து முகவரி. கணவன் அந்த நாட்டில் வெல்டர், மனைவியைக் கூட்டிக்கொள்ள அனுமதி உள்ளவன். படங்கள் பதினொன்று, எல்லாம் போனில் எடுத்தவை. ஒரு சின்ன அம்மன் கோவில். மணப்பெண் முகத்தில் சிரிப்பில்லை. பின்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் கட்டும் லுங்கியிலும் நைட்டியிலும் இருந்தார்கள். பத்திரிகை இல்லை. பந்தி இல்லை. வாய் நிறைய சோற்றோடு மாமா இல்லை. சான்றிதழில் தேதியைப் பார்த்தேன். டிசம்பர் கடைசி வாரம்.

மார்கழி! எங்கள் தெருவில் மார்கழி என்றால் விடிகாலைக் கோலம், கோவில் வெண்பொங்கல், சாயங்காலம் கச்சேரி. கல்யாண மண்டபங்களில் அந்த மாதம் கச்சேரி நடக்குமே தவிரக் கல்யாணம் நடக்காது. யாராவது மார்கழியில் தாலி கட்டுவார்களா? மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்த தேதிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பளிச்சென்று தோன்றியது. கட்டத்தில் எழுதினேன்: இந்தச் சமூகத்தில் மார்கழி மாதத்தில் திருமணம் செய்யும் வழக்கம் இல்லை, உறவினர்கள் திருமணத்துக்கு உரிய உடையில் இல்லை, விருந்துக்கான ஆதாரம் இல்லை.

அப்போது இருந்த அதிகாரி இளம்பிள்ளை, மரியாதையானவர். மேஜைக்கே வந்து, மாதத்தைப் பற்றி நிச்சயம்தானா என்று கேட்டார். என் வாழ்நாளில் அந்த மாதத்தில் ஒரு கல்யாணத்தைக் கூடப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அது உண்மை. நான் பார்த்ததில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் மறுத்துவிட்டார். நான் வீட்டுக்குப் போய்த் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

ஏழு மாதம் கழித்து அவள் மறுபடி விண்ணப்பித்தாள். இதற்குள் அந்த அதிகாரி மாற்றலாகிப் போய், நடுவயதில் ஒரு பெண்மணி வந்திருந்தார். ஒருமுறை மறுத்த விண்ணப்பம் என்பதால் நேர்காணலுக்குக் கூப்பிட்டார். பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அன்றைக்கு வழக்கமாக வருகிறவர் லீவு. என்னை உட்காரச் சொன்னார்கள். குறிப்புக்குக் கீழே பெயர் வராது, ஊழியர் எண் மட்டும்தான் வரும். எழுதியது நான் என்று புது அதிகாரிக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். மொழிபெயர்ப்பவருக்கு ஒரு விதி உண்டு. "அவள் சொல்கிறாள்" என்று சொல்லக் கூடாது. அவள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். என் சொந்த வார்த்தை ஒன்று கூட நடுவில் வரக் கூடாது.

பெயர், ஊர், கணவன் வேலை எல்லாம் முடிந்தது. அப்புறம் அதிகாரி திரையைப் பார்த்து ஒரு வாக்கியத்தை வாசித்தார். அது என் வாக்கியம். என் குறிப்பை எனக்கே ஆங்கிலத்தில் படித்துக் காட்டி, தமிழில் கேட்கச் சொல்கிறார். கேட்டேன். "மார்கழி மாசத்துல உங்க பக்கம் கல்யாணம் பண்ண மாட்டாங்கன்னு எங்களுக்குத் தகவல் இருக்கு. நீங்க ஏன் பண்ணிக்கிட்டீங்க?"

அவள் என்னைத்தான் பார்த்தாள், அதிகாரியை இல்லை.

"மார்கழில கண்ணாலம் பண்ணக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? நல்லாத் தெரியும். தை மாசம் நாள் குறிச்சி பத்திரிகை கூட அடிச்சிட்டோம். அவரும் லீவு போட்டு வந்துட்டாரு. வூட்டையெல்லாம் இடிக்கப் போறோம், மூணு நாள்ல காலி பண்ணுன்னு வந்து சொல்லிட்டாங்க. புல்டோசருக்கு மார்கழி தை தெரியுமா? ஆளுக்கு ஒரு பக்கம் பூடுவாங்க. அப்பால யாரு வந்து எங்கூட நிப்பாங்க? சனம் இருக்கச் சொல்லோ கட்டிக்கினோம்."

பையிலிருந்து பத்திரிகையை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாற்போல் காட்டினாள். மஞ்சள் தடவியது. தை மாதத் தேதி, கே.கே. நகரில் ஒரு சின்ன மண்டபம். போன தடவை ஏன் வைக்கவில்லை என்று அதிகாரி கேட்டார். சான்றிதழில் ஒரு தேதி, பத்திரிகையில் ஒரு தேதி என்றால் மோசடி என்பார்கள், எடுத்துவிடு என்று விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர் சொன்னாராம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். லாரியில் ஏற்றிய கட்டில் பீரோ மேலேயே உட்கார்ந்து எல்லோரும் பொட்டலம் சாப்பிட்டார்களாம், அதை யார் படம் எடுப்பார்கள் என்றாள்.

இதையெல்லாம் நான் "நான்" என்று சொல்ல வேண்டும். என் ஜனங்கள் எல்லாம் கூட இருக்கும்போதே கட்டிக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது நடுவில் நிறுத்தி மறுபடி ஆரம்பித்தேன். அதிகாரி தண்ணீர்ப் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். ஏசிக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்திருப்பார்.

அந்த மார்கழி எனக்கு ஞாபகம் வந்தது. பல் வைத்தியத்துக்காகக் கோட்டூர்புரத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் பாலத்தில் ஆட்டோ முக்கால் மணி நேரம் நகரவில்லை. கீழே கரையில் வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே புழுதி, லாரிகள், தலையில் டிவியை வைத்துக்கொண்டு நடக்கும் பெண்கள். "ஆத்தோரம் காலி பண்றாங்கோ மேடம், அதான் ஜாம்" என்று ஆட்டோக்காரர் சொன்னார். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. நான் டாக்டருக்குப் போன் செய்து, தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டேன். சீ, என்ன மனுஷி நான்!

அதிகாரி ஒலிவாங்கியை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். இப்படி நடந்திருக்க முடியுமா, அந்தக் குறிப்பு சரிதானா என்று கேட்டார். முடியும், குறிப்பு தப்பு என்றேன். எழுதியவர் யார் என்று தெரியுமா என்றார். நான்தான் என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சரி என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைப் போட்டார். இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். வழக்கத்துக்கு விரோதமாக அங்கேயே முடிவைச் சொல்லச் சொன்னார். அனுமதி கிடைத்துவிட்டது என்று நான் தமிழில் சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருவர் முகத்துக்கு எதிரே அந்த வார்த்தையைச் சொன்னது அது ஒரு தடவைதான்.

அவள் எழுந்து கண்ணாடியில் கை வைத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"நீங்க எடுத்துச் சொன்னதாலதாம்மா புரிஞ்சிக்கினாங்க. நீங்க நல்லாருக்கணும். உங்க பேரு இன்னாம்மா? அவருகிட்ட சொல்லணும்."

பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா, ரூல்ஸ், என்று சொன்னேன். பரவாயில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் செய்ததை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுடைய ஏழு மாதத்தைத் தின்றுவிட்டு, அவள் வாழ்த்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றேன்.

அவள் போனதும் அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இந்த வாக்கியத்தை இதுவரை எத்தனை பேருக்கு எழுதியிருப்பீர்கள்?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. ஒவ்வொரு வருஷமும் மாசி, பங்குனியில் அப்படி ஒன்றிரண்டு வரும். வந்தால் எழுதுவேன். தேடிப் பார்க்கச் சொன்னார். அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு என் மேஜையில் உட்கார்ந்து, என் ஊழியர் எண்ணையும் மாதத்தின் பெயரையும் கணினியில் போட்டுத் தேடினேன். பட்டியல் வந்தது. நான் நினைத்ததைவிட நீளமாக வந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே மறுப்பு. சிலது நிஜமாகவே நாடகமாக இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எது என்று இப்போது எனக்கு எப்படித் தெரியும்? இவளைத் தவிர அவர்களில் ஒருவர் கூட இரண்டாவது தடவை விண்ணப்பித்திருக்கவில்லை.

பட்டியலில் நடுவில் ஒரு பெண். ஆறு வருஷத்துக்கு முந்தையது. படங்களைத் திறந்தேன். இதுவும் சின்னக் கோவில்தான், இதிலும் பந்தி இல்லை. ஒரு படத்தில் மாப்பிள்ளை குனிந்து அவள் காலில் மெட்டி போடுகிறான். அவள் அவன் தலையைப் பார்த்துச் சிரிக்கிறாள். சுற்றிலும் யாரும் சிரிக்கச் சொன்ன மாதிரி இல்லை. இந்தச் சிரிப்பை நான் அப்போது பார்க்கவே இல்லை, தேதியைத்தான் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பதாரர்களைச் சொந்த போனில் கூப்பிடக் கூடாது, வேலை போய்விடும். எனக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. மறுபடி விண்ணப்பம் போடுங்கள், இந்தத் தடவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேனோ என்னவோ. நான்காவது மணியில் எடுத்தாள். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டது. அவள் பெயரைச் சொல்லி, நீங்கள்தானே என்று கேட்டேன். ஆமாம் என்றாள். விசா விஷயமாக என்று ஆரம்பித்தேன்.

"இன்னா விசா? அதெல்லாம் எப்பவோ முடிஞ்சி போச்சிம்மா. ரெண்டு வருசம் பாத்துகினு இருந்தாரு. அப்பால அங்கயே ஒருத்தியக் கட்டிக்கினாரு." மிஷின் சத்தம் நின்றது. "நீ யாரு பேசறது?"

ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.